தபால்தலைத் திண்ணை: கறையா, மஞ்சளா?

இம்மாத வினாக்களுக்குள் நுழையுமுன் நம்முடைய குற்றம் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டியிருக்கிறது. சென்ற இதழில், பழைய உறைகளிலிருந்து தபால்தலைகளைப் பிரித்தெடுக்கும் முறையை விரிவாக எழுதியிருந்தோம். தலையைச் சுற்றி அரை விரற்கடை ஓரம் விட்டுக் கத்தரிக்க வேண்டும்; வெதுவெதுப்பான நீரில் மிதக்கவிட வேண்டும்; கோந்து இளகியபின் சாமணத்தால் எடுத்து, முகம் கவிழ்த்து, வெள்ளைத் தாளில் உலர்த்த வேண்டும் என்றெல்லாம் எழுதினோம். யாவும் சரியே. எந்த உறையைக் கத்தரிக்கலாம், எதன்மேல் கத்தரிக்கோலை வைக்கவே கூடாது என்பதை மட்டும் எழுதாமல் விட்டோம். பத்தாம் வகுப்போடு படிப்பை முடித்து, ரயில்வேயில் பார்சல் ரசீது எழுதும் உத்தியோகம் பார்க்கும் நமக்கு, ஒன்றைத் தொடுமுன் அதன்மேல் எழுதியிருப்பதைப் படிக்க வேண்டும் என்பது தெரியாததன்று. தெரிந்தும் விட்டோம். அதன் பயனாக மேட்டகள்ளியில் ஒரு வீட்டில் 40 கடிதங்கள் வெட்டுண்டன. அக்கதையை அதற்குரிய வினா வரும்போது சொல்லுகிறோம்.

கூட்டம் வழக்கம்போல் மாதத்தின் இறுதி ஞாயிறன்று ஹெப்பாள் இரண்டாம் கட்டத்தில் அன்பர் ஒருவருடைய இல்லத்தில் நடைபெற்றது. பெரியவர் பதினொருவர், சிறுவர் அறுவர் வந்திருந்தனர். சுண்டலும் காப்பியும் ஆல்பங்கள் இருந்த அறைக்குள் வரக்கூடாது என்னும் பழைய விதி இம்முறையும் மீறப்பட்டது. மீறியவர் யாரென்பதைச் செயலாளர் பதவியின் கௌரவம் கருதி வெளியிடவில்லை.

வினா (யாதவகிரி அன்பர்): இவ்வளவு புழுக்கத்திலும் மின்விசிறியை நிறுத்தச் சொல்லுகிறீர்களே, இது நியாயமா?

விடை: சென்ற கோடையில் விசிறியைச் சுழலவிட்டதும் பறந்துபோன இரண்டணாத் தலை ஒன்றை இன்னும் தேடிக்கொண்டிருக்கிறோம். 1953 ஏப்ரல் 16ஆம் நாள், பம்பாயிலிருந்து தாணாவுக்கு முதல் ரயில் ஓடிய நூற்றாண்டு நிறைவுக்காக வெளியானது அது. ரயில்வேக்காரன் ஆல்பத்தில் அது இல்லையென்றால் வெளியே சொல்ல முடியுமா? வியர்வையைத் துடைத்துக்கொள்க.

வினா (கும்பாரகொப்பல் அன்பர்): இருபது ஆண்டுகளாக நான் சேர்த்தவற்றை என் மனைவி காகிதக் குப்பை என்கிறார். என்ன பதில் சொல்லலாம்?

விடை: "உன் பெட்டியில் இருக்கும் புடவைகள் மட்டும் என்னவாம்?" என்று கேட்கும்படி கூட்டத்தில் ஓர் அன்பர் யோசனை சொன்னார். அருகிலிருந்த அம்மையாரே உடனே விடையிறுத்தார்: "புடவையை உடுத்தலாம். இதை உடுத்த முடியுமா?" கும்பாரகொப்பல் அன்பர் அதன்பின் வாய் திறக்கவில்லை. நாமும் திறக்கவில்லை.

வினா (ஹூட்டகள்ளி அன்பர்): கோடிக்கணக்கில் விலைபோகும் தபால்தலை உண்டென்கிறார்களே, அது எது? நம் வீட்டுப் பரணில் அகப்படுமா?

விடை: உலகிலேயே விலை மிகுந்தது பிரிட்டிஷ் கயானாவில் 1856இல் அச்சிடப்பட்ட ஒரு சென்டுத் தலை. சிவப்புத் தாளில் கறுப்பு மை; மூலைகள் வெட்டுண்டு எட்டுப் பக்கமாய், பார்வைக்கு அழகே இல்லாதது. 1873இல் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் தன் குடும்பத்தாரின் பழைய கடிதங்களிடையே அதைக் கண்டெடுத்து ஆறு ஷில்லிங்குக்கு விற்றான். அதே தலை 2014இல் ஏறத்தாழ 95 லட்சம் டாலருக்கு ஏலம் போயிற்று. 2021இல் கொஞ்சம் இறங்கி 83 லட்சத்துக்கு விற்றது.

நம் நாட்டில் பெரும் மதிப்புடையது 1948 ஆகஸ்டு 15ஆம் நாள் வெளியான காந்தியடிகள் பத்து ரூபாய்த் தலையில், 'சர்வீஸ்' என்று மேலச்சுப் பெற்ற வகை. கவர்னர் ஜெனரல் காரியாலயத்தின் உபயோகத்துக்கென்று மிகச் சிலவே அவ்வாறு அச்சிடப்பட்டன. அப்போது அப்பதவியில் இருந்தவர் ராஜாஜி. அவ்வகையில் பிரியாத நான்கு தலைகள் 2017இல் இங்கிலாந்தில் ஐந்து லட்சம் பவுனுக்கு விலையாயின. மேலச்சு இல்லாத சாதாரணப் பத்து ரூபாய்த் தலைக்கும் நல்ல விலை உண்டு. ஆதலால் போலிகளும் உண்டு. அது சுவிட்சர்லாந்தில் அச்சானது. அச்சின் நேர்த்தியே ஒரு சாட்சி. உம் வீட்டுப் பரணில் இருக்கிறதா என்று கேட்கிறீர். நம் வீட்டுப் பரணில் பார்த்துவிட்டோம். இல்லை.

வினா (விஜயநகர் அன்பர்): "மைசூர் சமஸ்தானத் தபால்தலை" என்று சொல்லி ஒருவர் எனக்கு ஒரு வில்லையை விற்றார். ஆல்பத்தில் எந்தப் பக்கத்தில் ஒட்டுவது?

விடை: ஏமாந்தவர் பக்கத்தில். கோபம் வேண்டாம், நாமும் அப்பக்கத்தில் இரண்டு வைத்திருக்கிறோம். மைசூருக்குத் தனித் தபால் இருந்தது மெய்யே. சிக்கதேவராஜ உடையார் காலத்தில், 1672இல் தோன்றிய 'அஞ்செ' என்னும் அமைப்பு இரு நூற்றாண்டுகளுக்கு மேல் நடைபெற்று, 1889இல் இந்தியத் தபாலுடன் இணைந்தது. கன்னடத்தில் இன்றும் தபாலுக்கு அதுவே பெயர். நம் 'அஞ்சல்' அதற்கு அக்காளா தங்கையா என்பதைப் புலவர்கள் தீர்க்கட்டும். ஆனால் ஒட்டும் தபால்தலைகளை மைசூர் வெளியிடவில்லை. உமக்கு விற்கப்பட்டது கோர்ட்டுக் கட்டண வில்லையாகவோ வரிவில்லையாகவோ இருக்கும். அவற்றையும் சேகரிப்போர் உண்டு, விலைதான் வேறு.

சமஸ்தானத் தலை வேண்டுமாயின் நாகர்கோவில் பக்கத்து அன்பர்களைச் சிநேகம் பிடித்துக்கொள்க. கன்னியாகுமரி வட்டாரம் 1956 நவம்பர் முதல் நாள் வரை திருவாங்கூரைச் சேர்ந்திருந்தது. திருவாங்கூர் அஞ்சல் 1888 முதல் சங்கு முத்திரையிட்ட தலைகளைச் 'சக்கர'க் கணக்கில் வெளியிட்டது. 1951இல்தான் இந்தியத் தபாலோடு சேர்ந்தது. அப்பகுதி வீடுகளில் பழைய பத்திரக்கட்டுகளுக்கு நடுவே சங்கு அகப்படுவதுண்டு.

வினா (யாதவகிரி அன்பர், மீண்டும்): உயிரோடு இருப்பவருக்குத் தபால்தலை வெளியிடுவார்களா?

விடை: அபூர்வமாக. மகரிஷி கார்வே அவர்களுக்கு 1958இல் அவருடைய நூறாவது பிறந்தநாளன்று வெளியிட்டார்கள், அவர் இருந்தார். 1960 செப்டம்பர் 15இல் விசுவேசுவரய்யா அவர்களுக்கு வெளியிட்டார்கள். அவரும் நூறு வயதில் இருந்தார். அந்த 1960 நம்போன்றோருக்கு அதிருஷ்டமான ஆண்டு. பிப்ரவரியில் திருவள்ளுவர், செப்டம்பரில் பாரதியார், சில நாள் கழித்து விசுவேசுவரய்யா, எல்லாம் ஓராண்டிலேயே வந்தன. மூவரையும் ஒரே பக்கத்தில் ஒட்டிவைத்தால் மைசூர்த் தமிழர் வீட்டு ஆல்பம் என்று பெயர் எழுத வேண்டுவதில்லை. கண்ணம்பாடி அணையைத் தொட்டு அடுத்த கேள்வி ஒன்று எழுந்தது. காவிரிக்கு நீதிமன்றங்கள் இருக்கின்றன; இது தபால்தலைத் திண்ணை என்று சொல்லி அமர்த்தினோம்.

வினா (ஹெப்பாள் அன்பர்): 1972இல் வந்த உறை ஒன்றில் வழக்கமான தலைக்குப் பக்கத்தில் ஐந்து பைசாத் தலை ஒன்று தனியே ஒட்டியிருக்கிறது. கட்டணம் போதாமல் ஒட்டினார்களா?

விடை: இல்லை. கிழக்கு வங்காளத்திலிருந்து அகதிகள் திரளாக வந்தபோது அவர்களுடைய நிவாரணத்துக்கென்று 1971 நவம்பர் 15 முதல் 1973 மார்ச்சு இறுதி வரை வசூலித்த ஐந்து பைசா வரி அது. முதலில் பழைய தலைகளின்மீது மேலச்சுப் போட்டார்கள். பிறகு அகதிக் குடும்பத்தின் உருவம் பொறித்த தனித்தலை வந்தது. விலை சொற்பம். பிரித்தெடுக்க வேண்டாம். இரண்டும் சேர்ந்து உறையின்மேல் இருக்கும்போதுதான் அந்தக் காலம் அதில் இருக்கிறது.

வினா (கும்பாரகொப்பல் அன்பர்): பதிவுத் தபாலே போய்விட்டதே, இனி எதைச் சேகரிப்பது?

விடை: 2025 செப்டம்பர் முதல் தேதியோடு பதிவுத் தபால் விரைவு அஞ்சலுடன் இணைந்துவிட்டது. ஜன்னலில் கொடுத்தால் கோடுகோடாய் ஒரு சீட்டுத்தான் ஒட்டுகிறார்கள். ஆனால் போஸ்டுகார்டு இன்னும் ஐம்பது பைசாவுக்குக் கிடைக்கிறது. எழுத ஆள்தான் இல்லை.

வினா (மேட்டகள்ளியிலிருந்து எட்டாம் வகுப்பு மாணவன். கன்னடத்தில் எழுதியது, தமிழாக்கம் நம்முடையது): அம்மா உங்கள் பகுதியை வாசித்துச் சொன்னார்கள். தாத்தாவின் டிரங்குப் பெட்டியில் நிறையக் கடிதங்கள் இருந்தன. நீங்கள் சொன்னபடியே ஓரம் விட்டு 40 தலைகளை வெட்டிவிட்டேன். ஒரு கவரின் நான்கு மூலையிலும் மஞ்சள் கறை இருக்கிறது. அது பூஞ்சணமா? சோப்புப் போட்டுத் தேய்த்தேன். ஒரு மூலை சிவப்பாகிவிட்டது. கறையைப் போக்குவது எப்படி? மற்றக் கடிதங்களையும் எப்போது வெட்டலாம்?

விடை: தம்பி, முதலில் கத்தரிக்கோலைக் கீழே வை. பிறகு சோப்பையும் வை.

பூஞ்சணம் என்பது துருப்பிடித்த ஊசிமுனைபோலப் புள்ளி புள்ளியாக, இடம் பாராமல் படிவது. நான்கு மூலையிலும் அளவெடுத்தாற்போல் உட்காராது. நீ கண்டது மஞ்சள்தூள். மஞ்சளில் சோப்புப் பட்டால் சிவக்கும். ஆரத்தித் தட்டில் சுண்ணாம்பு சேர்ந்ததும் சிவக்கிறதே, அதே காரியம். நல்ல செய்தி கொண்டுபோகும் கடிதத்துக்கு மூலையில் மஞ்சள் தடவி அனுப்புவது நம் ஊர் வழக்கம். திருமணமோ, பிள்ளைப்பேறோ, வீட்டில் ஒரு பெண் பெரியவளானதோ, பிரிக்குமுன்பே கையில் வாங்கியவருக்கு மனம் குளிர்ந்துவிடும். அதைப் போக்க வழி தேடாதே. வெயிலில் மட்டும் வைக்காதே. மஞ்சள் வெயிலில் வெளுத்துப்போகும்.

இவ்வளவையும் தபாலில் எழுதி அனுப்பியிருக்கலாம். ஆனால் 40 என்னும் எண் நம்மைத் தூங்கவிடவில்லை. அடுத்த ஞாயிறன்று ஹெப்பாளிலிருந்து சைக்கிளில் மேட்டகள்ளிக்கே சென்றோம். பையனின் தாயார் கதவைத் திறந்தார். பையன் கதவுக்குப் பின்னால் நின்றான்.

அவருடைய தந்தையார் கோவில்பட்டிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து 1969இல் இங்கே தொழிற்சாலை வேலைக்கு வந்தவர். சென்ற ஆண்டு காலமானார். ஊரிலிருந்து வந்த கடிதம் ஒன்றையும் எறியாமல் பெட்டியில் வைத்திருந்தார் என்பது அவர் போனபிறகுதான் மகளுக்கே தெரிந்தது. பிரித்துப் படிக்க மனம் வராமல் மூடியே வைத்திருந்திருக்கிறார். நம் பகுதியை மகனுக்கு வாசித்துக் காட்டியபோது அவன் எங்கே கத்தரி போடப்போகிறான் என்று அவர் நினைக்கவில்லை. நம்மை ஒரு வார்த்தை கடிந்து பேசவில்லை. காப்பி கொடுத்தார். அதுதான் பொறுக்கவில்லை.

நல்லவேளையாகப் பையன் தலைகளை இன்னும் நீரில் இடவில்லை. எல்லாவற்றையும் தரையில் பரப்பினோம். உறையில் ஒட்டிய தலைகளைச் சேர்ப்பது எளிது. தபால் முத்திரை பாதி தலைமீதும் பாதி உறைமீதும் விழுந்திருக்கும். இரண்டு பிறைகளையும் பொருத்தினால் வட்டம் கூடிவிடும். முத்திரை தெளிவில்லாத இடத்தில் விலாசத்தைப் பார்த்தோம். பின்கோடு வந்தது 1972 ஆகஸ்டு 15இல். அந்த எண் இல்லையென்றால் பெரும்பாலும் அதற்கு முந்தியது. 'மைசூர் ஸ்டேட்' என்றிருந்தால் 1973 நவம்பருக்கு முந்தியதாகலாம். ஆனால் கிராமத்துக் கைகள் புதிய பெயருக்கு அவ்வளவு சீக்கிரம் இணங்குவதில்லை.

கஷ்டம் கொடுத்தவை உள்நாட்டுக் கடிதங்கள். அவற்றில் தலை ஒட்டுவதில்லை, தாளிலேயே அச்சிட்டிருக்கும். அதை வெட்டினால் உட்புறத்தில் எழுதியிருக்கும் வார்த்தைகளும் சேர்ந்து போகும். ஒரு துண்டின் பின்னால் "ழை இல்" என்றிருந்தது. இன்னொன்றில் "கடனை முத" என்றிருந்தது. ஒவ்வொரு கடிதத்திலும் ஒரு சதுர ஓட்டை. ஓட்டையைச் சுற்றிப் பாதி வார்த்தைகள். பையனுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. முதலில் கோடுகளின் வளைவைப் பார்த்தே பொருத்தினான். பிறகு இது என்ன எழுத்து, அது என்ன எழுத்து என்று கேட்கத் தொடங்கினான். "ழை இல்" என்ற துண்டுக்கு உரிய ஓட்டையின் இடப்பக்கத்தில் "ம" நின்றது. "மழை இல்லையா?" என்று பையன்தான் கூவினான். அந்தக் கடிதத்தில் கிணறு வற்றியதும், மாடு விற்றதும், மணியார்டர் வந்ததும் இருந்தன.

மாலைக்குள் 40இல் 31 பொருந்தின. பொருந்தியவற்றைச் செல்லோடேப்பால் ஒட்டப்போனான்; தடுத்தோம். அது சில ஆண்டுகளில் பழுப்பேறித் தாளையும் கெடுத்துவிடும். கடிதத்தோடு துண்டையும் ஒரு வெள்ளைத்தாள் மடிப்பில் இட்டு, அந்த மடிப்பின்மேல் தேதியை எழுதி வைத்தால் போதும்.

மஞ்சள் தடவிய உறையின் தலையும் அகப்பட்டது. உள்ளே இருந்த கடிதம் அம்மையாருடைய தாய்வழிப் பாட்டனார் எழுதியது. மேலே "ஆவணி மாதம்" என்றிருந்ததே தவிரத் தேதியோ ஆண்டோ இல்லை. நேற்றுப் புதன்கிழமை விடியற்காலை பெண் குழந்தை பிறந்ததென்றும், தாயும் சேயும் நலமென்றும், மாப்பிள்ளைக்கு லீவு கிடைத்தால் வந்து பார்க்கலாமென்றும் ஆறு வரி. அந்தப் பெண் குழந்தைதான் நமக்குக் காப்பி கொடுத்தவர். அவரைப் பள்ளியில் சேர்த்தபோது வயது போதவில்லை என்று 1980 ஜூன் முதல் தேதி எனப் பதிந்துவிட்டார்களாம். உண்மையான நாள் எதுவென்று தந்தையாருக்கு நினைவில்லை. "ஆவணியில் பிறந்தாய்" என்று மட்டும் சொல்லுவாராம். தாயார் முன்னமே போய்விட்டார்.

உறையில் விழுந்திருந்த பாதி முத்திரையில் கோவில்பட்டி மட்டும் இருந்தது. வெட்டிய தலையின்மீது மற்றப் பாதி. பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம்: 27 ஆகஸ்டு 81. அன்று வியாழக்கிழமை, கைப்பேசியிலிருந்த பழைய காலண்டரில் பையனே பார்த்துச் சொன்னான். ஆகவே முந்தியநாள் புதன்கிழமை, 26. உறையின் பின்புறத்தில் மைசூர் முத்திரை 30 என்றிருந்தது. தகப்பனாருக்குச் செய்தி எட்ட நான்கு நாள் ஆகியிருக்கிறது.

அம்மையார் வெகுநேரம் அந்த உறையைக் கையில் வைத்திருந்தார். பிறகு, "சர்க்கார் கணக்குக்கு ஒரு வயது மூப்பாகவே இருந்துவிட்டேன்" என்று சிரித்தார். சிவந்துபோன மூலையைத் தொட்டுப் பார்த்து, மகனைப் பார்த்து, "பரவாயில்லைடா, ஆரத்தி எடுத்தாற்போல் இருக்கிறது" என்றார்.

இனி விதி: குடும்பக் கடிதம் எதையும் வெட்டலாகாது. முத்திரையோடு கூடிய முழு உறையே சேகரிப்பு. சந்தையிலும் தனித்தலையைக் காட்டிலும் அதற்கு மதிப்பு அதிகம். விளம்பரத் தபால், வங்கித் தபால், வெற்று உறைகள் ஆகியவற்றின்மேல் கத்தரியைத் தாராளமாக ஓட்டுக.

வினா (மேட்டகள்ளி மாணவன்; இம்முறை போஸ்டுகார்டில், தமிழில். எழுத்துக்கள் வரிசைக்கு அடங்கவில்லை; நாம் சரிசெய்திருக்கிறோம்): எல்லாக் கடிதத்தின் தலையிலும் 'உ' என்று இருக்கிறது. அது தபாலாபீஸ் முத்திரையா? இன்னும் 9 துண்டுகள் சேரவில்லை. அவை எந்தக் கடிதத்துடையவை?

விடை: 'உ' பிள்ளையார் சுழி, தபாலாபீசுக்குச் சம்பந்தமில்லை. உன் கார்டிலும் போட்டிருக்கலாம். 9 துண்டுகளின் சங்கதி நமக்குத் தெரியாது. டிரங்குப் பெட்டியின் அடியில் செய்தித்தாள் விரித்திருந்ததே, அதைத் தூக்கிப் பார்த்தாயா?